மும்முகத் திருவுருவமும் ஐந்தொழிற் பொருளும்

திருவுருவம் ஒன்றிற்கு முகம் ஒன்றேயாயின், அஃது யாருடையது என்னும் வினாவளவில் காண்பார் அமைவர். முகம் பலவாயவிடத்து, ‘இவை பலர்க்கு உரியனவோ, ஒருவர்க்கே உரியனவோ, ஒருவர்க்கே உரியனவாயின் பலவானமைக்குக் காரணம் யாதோ’ என்னும் ஐயங்கள் தொடர்ந்தெழும். இவ்வையங்களுக்குத் தரும் விடையைப் பொறுத்தே வழிபடுபொருளின் இலக்கணமும் வேறுபடும். ஆதலின், மும்முக வடிவங்களைப்பற்றிய ஆராய்ச்சி சிற்பநூல் வல்லார்க்கு மாத்திரம் உரியதன்று. பதியிலக்கணம் ஆராயும் சித்தாந்திகட்கும் அஃது இன்றியமையாததேயாம்.

மும்பைத் துறைமுகத்தை அடுத்த காராபுரித் தீவில், எலிபெண்டா எனப் பலரும் வழங்கும் குகைக்கோயிலில், மலையையே குடைந்து அமைத்த பெருவடிவம் ஒன்று உளது. மூன்று முகங்களோடு மார்பளவு தோன்றும் அதனைத் ‘திரிமூர்த்தி’ எனவே நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்தனர். இன்றும் அங்ஙனங் கூறுவார் உளர். அயன், மால், உருத்திரன் என்னும் மூவரும் ஓருடலில் ஒத்த நிலையில் அமைந்தனர் என்பது அவர் கருத்து. அக்கருத்து அவ்வடிவிற்குப் பொருந்துமா என்பதும், பொருந்தாதாயின் அம்முகங்கள் உணர்த்துவது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

1. மும்முகத்திற்குப் பிறர் கொண்ட பொருள்கள்

மூன்று முகமேனும் மூன்று தலையேனும் உடைய வடிவங்கள் பாரத நாட்டிற்கே உரியன அல்ல. அவை பல நாடுகளில், தம்முள் தொடர்பில்லாத மக்களிடையேயும் காணப்படுகின்றன. அவர்கள் அவற்றிற்குக் கொண்ட பொருளை முதற்கண் நோக்குவோம்.

பால்டிக் கடலை அடுத்த பொமரேனிய நாட்டு ஸ்டெட்டின் நகரில் வாழ்ந்த சிலாவிய மக்கள் திரிகிலாவ் என்னும் தெய்வத்தை வழிபட்டனர். முத்தலையன் என்பதே அப்பெயரின் பொருள். பாம்பெர்க் நகரத்துக் கிறித்தவ மேற்றிராணியாராகிய ஓட்டோ என்பார் 1124-ஆம் ஆண்டில் அந்நாட்டிற்குச் சென்று அவ்வழிபாட்டை நிறுத்தினார். அவர் வரலாற்றை எழுதிய எப்போ என்பார், அத்தெய்வம் வானம், நிலம், கீழுலகம் ஆகிய மூன்றையும் ஆள்வதைக் குறிக்கவே மூன்று தலை அமைத்ததாக அதன் பூசகர் கூறினர் என்றும், மக்கள் செய்யும் பாவங்களைக் காணாதும் பேசாதும் இருத்தற்பொருட்டு அதன் கண்ணும் இதழும் பொன்னால் மூடப்பட்டிருந்தன என்றும் குறித்துள்ளார். இங்கு மூன்று என்னும் எண் ஆளப்படும் இடத்தை நோக்கி வந்தது. கிரேக்கர் வழிபட்ட எகேட் என்னும் தெய்வத்தை மூன்று வடிவு ஒன்றையொன்று ஒட்டி நிற்குமாறு முதன்முதல் அமைத்தவன் அல்கமெனீஸ் என்னும் சிற்பி எனப் பௌசானியஸ் என்னும் பழைய ஆசிரியர் எழுதினார். வழிகள் கூடும் சந்திகளில் அத்தெய்வத்தை வைத்து வழிபட்டமையின் அதுவும் இடம்பற்றியதே எனலாம்.

இனி, காலம்பற்றி வருவதும் உண்டு. வெனிஸ் நகரத்து ஓவியராகிய டிஷியன் என்பார் 16-ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று இலண்டன் மாநகரத்து ஓவியக்கூடத்தில் உளது. அதன்கண் முதியோன், நடுவயதினன், இளையோன் என மூன்று முகங்கள் ஒரு தலையிற் காணப்படும். அவற்றின் கீழே ஓநாய், அரிமா, நாய் என்னும் மூன்று விலங்கின் முகங்கள் அமைந்துள்ளன. சென்ற காலத்தை நினைந்து, நிகழ்காலத்தை ஓர்ந்து, எதிர்காலத்திற்குத் தீங்கு நேராவாறு ஒழுகும் முன்னறிவே அவ்வோவியத்தின் பொருளாம்.

ஆள்பற்றி வருவது மூன்றாம் வகை. கிறித்தவ சமயத்தார் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரையும் ஒரு தலையில் மூன்று முகமாகச் சிலகாலம் தீட்டி வந்தனர். அச்சமயத் தலைவராகிய எட்டாம் உர்பன் என்னும் போப்பாண்டவர் 1628-ஆம் ஆண்டில் அங்ஙனம் தீட்டுதலை விலக்கினார். ஆள் மூவர், பொருள் ஒன்று என்னும் தங்கொள்கையை அவ்வடிவம் பிறழ உணர்த்தும் என்று அவர் அஞ்சியது வியப்பன்று. வடிவம் தவறாயின் கொள்கையும் தவறும் என்பதை அவரும் உணர்ந்தனர் என்க.

நம் நாட்டு வேதவழக்கில் வரும் திரிசிரன் வரலாறு இவற்றின் வேறாய நான்காம் வகை. துவட்டாவின் மகனாகிய விசுவரூபனுக்குத் தலை மூன்று. ஒருவாய் சோமத்தைப் பருகும். ஒருவாய் கள்ளைப் பருகும். மற்றொருவாய் சோற்றை உண்ணும் எனத் தைத்திரீய சங்கிதை கூறும். இந்திரன் அம்மூன்றையும் துணிப்ப, அவை மூன்று வகைப் பறவைகளாயின என்பது அவ்வரலாறு. இங்குத் தலை பலவானது ஒருவனது அவா பலவாய்ப் பிரிந்தமையையே காட்டும். ஒருவாய் வேண்டுவதை மற்றொருவாய் வேண்டாமையின், தலை மூன்று உடையனாயினும் அவன் ஓரறிவினன் அல்லன்.

சிந்துவெளியில் மொகஞ்சதாரோ என்னுமிடத்துக் கிடைத்த முத்திரை ஒன்றில், விலங்குகள் சூழ அமர்ந்த வடிவம் ஒன்று மூன்று முகமுடையதுபோல் தோன்றுகின்றது. அகழாய்வுத் தலைவராயிருந்த ஜான் மார்ஷல் அதனைச் சிவவடிவின் முன்னோடி என 1931-இல் வெளியிட்டார். பின்வந்தோர் பலர் அதனை மறுத்தும் எழுதியுள்ளனர். அம்முத்திரையின் எழுத்து இன்றுகாறும் ஐயமற வாசிக்கப்படவில்லை. ஆதலின் அதனை நமது கொள்கைக்குச் சான்றாக யாம் எடுத்தாளவில்லை. சைவத்தின் பெருமை ஐயத்திற்கிடமாய சான்றுகளை வேண்டி நிற்பதன்று.

இதுகாறுங் கூறியவற்றால், மும்முகம் என்னும் அமைப்பு தானே ஒரு பொருளை உணர்த்தாது என்பதும், இடம், காலம், ஆள், அவா என்பனவற்றுள் ஒன்றைக் கொண்டவர் கொண்டவாறே உணர்த்தும் என்பதும் பெறப்பட்டன. ஆகவே, மூன்று முகம் கண்டமாத்திரையே மூன்று கடவுளர் எனத் துணிதல் பொருந்தாது. அம்முகங்கட்கு உரியார் யாவர் என்பதை அவ்வடிவின் உறுப்புக்களானும், அது வழிவந்த நூல்மரபானுமே துணிதல் வேண்டும்.

2. காராபுரி வடிவின் அமைப்பு

காராபுரிப் பெருங்குகை 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரது துணிபு. போர்த்துக்கீசர் அத்தீவைத் தம்வயப்படுத்திய பின்னர் அங்குள்ள வடிவங்கள் பல சிதைந்தன. பெருஞ்சிதைவின்றி எஞ்சியது இம்மும்முக வடிவமே. 1987-ஆம் ஆண்டில் அக்குகைகள் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றன.

அக்குகையின்கண் நான்கு வாயிலும் எண்மர் துவாரபாலரும் உடைய கருவறை ஒன்று தனியே உளது. அதனுள் எழுந்தருளியிருப்பது சிவலிங்கம். மும்முக வடிவமோ தென்சுவரின் நடுவே, வடவாயிலை நோக்கி அமைந்துள்ளது. ஏறத்தாழ 18 அடி உயரமுடைய அது மார்பிற்குக் கீழ் காட்டப்படவில்லை. மலையினின்றும் அப்பொழுதே வெளிப்படுவதுபோலக் காட்சியளிக்கும்.

நடுமுகம் அமைதியே வடிவானது. கண்ணிமை தாழ்ந்து உள்நோக்கிய நிலையினது. அணிகள் செறிந்த சடைமகுடம் தாங்கியது. இத்திருமேனியின் வலக்கை உடைந்துளது. இடக்கையில் ஒரு கனி உளது. அதனை மாதுலுங்கம் என்பர். மூர்த்தியின் வலப்பால் உள்ள முகம் புருவம் நெரிந்து, மீசையுடையதாய், சினக்குறிப்புக் காட்டுவது. அம்முகத்திற்கு முன்னுள்ள கையில் பாம்பு எழுந்து நிற்க, சடையில் பாம்பும் தலையோடும் காணப்படும். இடப்பால் உள்ள முகம் பெண்மை நலம் கனிந்தது. சுருண்ட குழலும் முத்தணியும் உடையது. கையில் தாமரை ஏந்தியது.

நூல்மரபு இதனோடு ஒத்து நிற்றல் காண்க. சிவபெருமானது ஐம்முகங்களை வகுக்கும் விட்டுணுதர்மோத்தரம், கிழக்கு முகத்தை மகாதேவர் எனவும், தெற்கு முகத்தை வைரவர் எனவும், மேற்கு முகத்தை நந்தி எனவும், வடக்கு முகத்தை உமை எனவும், மேன்முகத்தைச் சதாசிவம் எனவும் கூறும். இவையே முறையே தற்புருடம், அகோரம், சத்தியோசாதம், வாமதேவம், ஈசானம் என்பன. கிழக்கு நோக்கியானுக்குத் தெற்கு வலமும் வடக்கு இடமும் ஆம். ஆகவே, நடுவே தற்புருடமும் வலத்தே அகோரமும் இடத்தே வாமதேவமும் அமைதல் முறை. காராபுரியில் காண்பதும் அதுவே.

அற்றேல், அவ்வடிவம் வடக்கு நோக்கியதாகலின் இத்திசைமுறை பொருந்துமாறு யாங்ஙனம் எனின்: பூசிப்பானுக்கும் பூசிக்கப்படும் மூர்த்திக்கும் இடைப்பட்ட திசையையே கிழக்காகப் பாவிக்கும் முறையும் பூசைநூல்களில் உண்மையின், மூர்த்தியின் முன்பக்கமே கிழக்கெனக் கொள்ளப்படும். எனவே இழுக்கில்லை என்க.

இனி, அயனாயின் வேதநூலும் குண்டிகையும், மாலாயின் சங்கு சக்கரங்களும் அங்குக் காணப்படல் வேண்டும். அவற்றுள் ஒன்றும் இல்லை. வாமதேவ முகத்தின் மென்மை மாலின் குறியன்று, உமையின் குறி. திருவிதாங்கூர்த் தொல்பொருள் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கிய து. அ. கோபிநாதராயர், 1914 முதல் 1916 வரை வெளிவந்த தமது சிற்பநூலில், இதனைத் திரிமூர்த்தி எனல் தவறென விளக்கி, மகேசமூர்த்தி எனத் துணிந்தார். பின்னர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் அம்மையார் 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இது மகாதேவரது ஒரு வடிவமே என வலியுறுத்தியது. மகேசர் எனினும் சதாசிவர் எனினும், ஒரு முதல்வனது பல முகம் என்பதே துணிபு. மூவரது கூட்டம் என்பதன்று.

3. ‘திரிமூர்த்தி’ என்பதால் வரும் இழுக்கு

பெயரளவில் உள்ள இவ்வேறுபாட்டை இத்துணை வற்புறுத்தல் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அவர்க்குக் கூறுவது:

சிவம், சத்தி, நாதம், விந்து என்னும் நான்கும் அருவம், சதாசிவம் அருவுருவம், மகேசன், உருத்திரன், மால், அயன் என்னும் நான்கும் உருவம். இவ்வாறு ஒன்பது நிலை வகுத்தல் சித்தாந்த மரபு. இவற்றுள் திரிமூர்த்தி எனப்படுவோர் இறுதி மூன்று நிலையில் நிற்போர். ஐம்முகச் சதாசிவ வடிவைத் திரிமூர்த்தி எனக் கூறின், ஐந்தாம் நிலையைக் கீழ்மூன்று நிலையின் தொகுதியாக இழித்துரைத்ததாகும். மேலும், மூவரும் தம்முள் ஒத்தவர் என்றும், முதல்வன் அம்மூவரின் வேறாக இல்லை என்றும் அக்கூற்றின்கண் கொள்ளப்படும். அஃது உலகிற்கு முதல்வன் ஒருவனே என்னும் சித்தாந்தத்தின் முதற்படியையே தகர்ப்பதாம்.

சிவஞானபோதத்து முதற் சூத்திரம் இதனை நிலைநாட்டுகின்றது. தோன்றி நின்று அழியும் உலகு, தான் ஒடுங்கிய முதல்வனிடத்தினின்றே மீளத் தோன்றுமாகலின், ஒடுக்குவோனே எல்லாவற்றிற்கும் முதல் என்பது அதன் கருத்து. ஒடுக்குவோன் ஒருவன், தோற்றுவிப்போன் பிறிதொருவன் எனின், எல்லாம் ஒடுங்கியவிடத்துத் தோற்றுவிப்போனும் ஒடுங்குவானாகலின், அவனைத் தோற்றுவிப்போன் ஒருவன் வேண்டப்படும். எனவே தொழில் பலவாயினும் அவற்றை உடையான் ஒருவனே. அயன் மால் முதலியோர் அவனது ஆணைவழி நின்று தத்தம் எல்லையில் தொழில் செய்வோர். சம்புபட்சம், அணுபட்சம் என ஆசிரியர் பகுத்தோதியதன் பயனும் இதுவே.

அற்றேல், திருவொற்றியூர், திருவானைக்கா முதலிய தலங்களில் ஏகபாத திரிமூர்த்தி வடிவம் இருத்தல் என்னையெனின்: அவ்வடிவின்கண் நடுநின்றார் சிவபெருமானே. அவரது இருமருங்கினின்றும் அயனும் மாலும் வெளிப்பட்டுக் கைகூப்பி நிற்பர். மூவர் முகமும் உண்டாயினும் நிலைத்த திருவடி ஒன்றே. ஆகவே அது மூவரும் ஒத்தவர் என்பதற்கு இலக்காகாது. இருவரும் ஒருவரிடத்துத் தோன்றி ஒடுங்குவர் என்பதற்கே இலக்காகும். அங்கு முகங்கள் ஆள்பற்றியன, காராபுரியிலோ தொழில்பற்றியன. இரண்டனையும் ஒன்றென மயங்கற்க.

4. காணும் மூன்றும் காணாத இரண்டும்

இனி, ஐம்முகத்துள் மூன்றுமட்டும் வெளிப்பட்டு நின்றதன் பொருளை ஆராய்வோம்.

சத்தியோசாதம் படைத்தற்கும், வாமதேவம் காத்தற்கும், அகோரம் அழித்தற்கும், தற்புருடம் மறைத்தற்கும், ஈசானம் அருளற்கும் உரியன என ஐம்முகத்தை ஐந்தொழிலோடு இயைத்தல் ஆகமவழக்கு. இம்முறையால் நோக்கின், காராபுரியில் நமக்குத் தோன்றுவன காத்தல், மறைத்தல், அழித்தல் என்னும் மூன்று. தோன்றாதன இரண்டு. பின்னே மலையுள் மறைந்தது படைத்தல்; மேலே காட்டப்படாது நின்றது அருளல்.

உடம்பொடு கூடிய உயிரின் நிலையும் இதுவே அன்றோ! உயிர் இன்ப நுகர்ச்சியாற் காக்கப்படுதலை அறியும். நோயும் மூப்பும் சாக்காடும் வருதலை அறியும். இவ்விரண்டிற்கும் நடுவே, தன்னையும் தலைவனையும் அறியமாட்டாது மறைப்புண்டு நிற்கின்றது. தான் இவ்வுடம்பிற் புகுந்த தொடக்கத்தை எவ்வுயிரும் கண்டதன்று. வினையின் தொடக்கத்தையோ ஒருவரும் காணார். அஃது என்றும் அதன் முதுகின் பின்னே உள்ளது. தான் சென்று சேரும் அருளையும் அது கண்டதில்லை. அஃது அதன் தலைக்கு மேலே உள்ளது. ஆகவே, அத்திருவுருவத்தின்முன் நிற்பான் காண்பது இறைவனை மாத்திரம் அன்று. தன்னிலையையும் அங்குக் காண்கின்றான்.

நடுமுகத்தின் கையில் உள்ள மாதுலுங்கக் கனியும் ஈண்டு நோக்கற்பாலது. உலகிற்கு வித்தாகிய அணுக்கள் நிறைந்ததாக அக்கனியை விட்டுணுதர்மோத்தரம் பொருள்படுத்தும். படைப்பு முகம் காணப்படாதாயினும் படைப்பின் வித்து மறைப்பு முகத்தின் கையில் அடங்கியிருக்கின்றது. வினையும் மாயையும் மறைப்பாற்றலின் வழிநின்றே உயிர்க்குப் பயன்படும் என்பதற்கு இஃது ஏற்ற குறியாம்.

மற்று, இக்குகை பாசுபதரோடு தொடர்புடையது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. பாசுபதம் நமக்கு அகப்புறச் சமயம். மெய்கண்ட சந்தானமோ 13-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. ஆதலின், சிற்பியின் உள்ளத்திருந்தது யாம் மேற்கூறிய பொருளே எனச் சாதிக்கப் புகவில்லை. ஆயினும், பாசுபத சூத்திரத்தின் ஐந்து அத்தியாயங்களும் முறையே சத்தியோசாதம் முதலிய ஐந்து மந்திரங்களையே தாங்கி நிற்கின்றன. ஐம்முக வழக்கு அவர்க்கும் நமக்கும் வேதவழியாற் பொதுவாயிற்று. அப்பொதுமையைக் கொண்டு நமது சாத்திரக்கண்ணால் அவ்வடிவினை நோக்குதல் தகுதியேயாம்.

5. ஆசங்கையும் பரிகாரமும்

மலைச்சுவரில் புடைத்தெழ அமைக்கும் வடிவத்திற்குப் பின்முகம் காட்டல் இயலாது. இயலாமையை ஒரு தத்துவமாகக் கூறுதல் மிகையன்றோ எனின்: பின்முகத்தளவில் அவ்வாறு கூறலாம். மேன்முகத்தை அமைத்தற்குக் கல் தடையன்று. வேறிடங்களில் அதனை அமைத்தும் உள்ளனர். அலகாபாத்தை அடுத்த பீடா என்னுமிடத்துக் கிடைத்த பழைய இலிங்கத்தில் கீழே நான்கு தலையும் உச்சியில் ஒரு வடிவும் காணப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சதாசிவ வடிவங்களிலும் ஐந்து முகமும் அமைத்தல் உண்டு. ஆகவே, அமைத்தலும் அமையாது விடுதலும் கல்லினால் நேர்ந்தன அல்ல, கருத்தினால் நேர்ந்தன என்க. நேபாளத்துப் பசுபதிநாதர் திருமேனியில் நாற்புறமும் நான்கு முகம் விளங்க, ஐந்தாவதாகிய ஈசானம் உச்சியில் முகமின்றியே வழிபடப்படுகின்றது. நாற்புறமும் வலம்வரத்தக்க அவ்விலிங்கத்திலும் மேன்முகம் காட்டாது விட்டமை, அருளல் கட்புலனாகாது என்னும் கருத்தை வலியுறுத்தும்.

மறைத்தல் துன்பந்தரும் தொழிலாயிற்றே. அதற்குரிய முகம் அத்துணை அமைதி பெற்றிருத்தல் முரணன்றோ எனின்: அன்று. இறைவன் மறைத்தல் பகையினால் அன்று. ஆணவமலம் உயிரின் அறிவை மறைப்பது அதனைக் கெடுத்தற்கு. திரோதான சத்தி மறைப்பது அம்மலத்தின் வலி கெடுதற்கு. கண்ணிற் படர்ந்த படலத்தை உரித்த மருத்துவன், உடனே ஒளியைக் காணவிடாது அக்கண்ணைச் சீலையால் கட்டிவைக்கின்றான். கட்டுண்டான் தன்னைக் குருடாக்கினன் என மருத்துவனை வெறுக்கலாம். ஒளியைத் தாங்கும் ஆற்றல் கண்ணிற்கு வரும்வரை அக்கட்டே கண்ணைக் காக்கின்றது. ஆற்றல் வந்தபின் கட்டிய கையே கட்டினை அவிழ்க்கும். அதுபோல, வினைப்பயனை இது நல்லது, இது தீயது எனப் பற்றி நுகர்ந்தாலன்றி மலம் பரிபாகமுறாது; தன்னை உடனின்று ஊட்டுவான் ஒருவன் உளன் என்பது முன்னரே வெளிப்படுமாயின் அந்நுகர்ச்சி நிகழாது. ஆகவே இறைவன் மறைந்து நின்று ஊட்டுகின்றான். மலம் பக்குவமுற்றவழி அத்திரோதான சத்தி தானே அருட்சத்தியாய்ப் பதியும். மறைத்த சத்தி வேறு, அருளிய சத்தி வேறு அன்று.

இதனை உணர்ந்தார்க்கு நடுமுகத்தின் அமைதி முரணாகாது. அங்குக் காண்பது மறைத்தலாயினும், மறைத்தலின் உள்ளீடு அருளாதலின் அம்முகம் அமைதியாயிற்று. ஒருபால் சினமும் ஒருபால் நகையும் நிகழ, நடுவண் முகம் இரண்டானும் அசையாது நிற்றல், அறக்கருணை, மறக்கருணை இரண்டும் ஒரு கருணையே என்பதைக் காட்டும்.

ஈசானம் அருளுக்குரியதாயின் அதுவே எல்லார்க்கும் விளங்கத் தோன்றல் வேண்டாவோ, அதனை மறைத்தல் கருணைக்கு இழுக்கன்றோ எனின்: கட்புலனாயதெல்லாம் சுட்டியறியப்படும் பொருளாம். சுட்டியறியப்படுவது அசத்து. அருள் சுட்டறிவிற்கு எட்டாதது. அவனருளே கண்ணாகக் காணவேண்டுவது. அதனைக் கல்லிற் காட்டாமை அதன் இன்மையைக் குறிப்பதன்று. அதனைக் காணும் கண் வேறு என்பதைக் குறிப்பது. அக்குகையிலேயே கருவறையில் முகமொன்றும் இல்லாத சிவலிங்கம் எழுந்தருளியிருத்தலும் இதற்குத் துணையாம். முகங்களைக் கண்டு திரும்புவான், முகமிலாத அருவுருவத் திருமேனியை வணங்கியே வழிபாட்டை நிறைவு செய்கின்றான்.

6. முப்பொருளும் மும்முகமும்

மூன்று என்னும் எண் நமது சித்தாந்தத்திலும் தலைசிறந்தது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை உணர்த்துவதே அதன் நோக்கம். அதுகொண்டு, மும்முக வடிவம் முப்பொருளைக் குறிக்கும் என விரித்துரைப்பாரும் உளராகலாம். அவ்வுரை கேட்டற்கு இனிதாயினும் கொள்ளத்தக்கதன்று.

என்னை? ஒருடலின் முகங்கள் ஒரு பொருளின் உறுப்புக்கள். உடையான் ஒருவனாக, முகங்கள் அவனது கூறுகளாகும். முப்பொருளை அங்ஙனம் அமைப்பின், உயிரும் பாசமும் இறைவனது கூறுகளாகும். இறைவனே உயிராகவும் உலகாகவும் திரிந்தான் என்னும் பரிணாமவாதத்திற்கு அது வழிகோலும். பாசம் அவன் உறுப்பாயின் அவன் மலமிலன் ஆகான். உயிர் அவன் உறுப்பாயின் கட்டும் வீடும் அவனுக்கேயாகி, ஆசிரியனும் நூலும் வேண்டப்படா. முப்பொருளும் அநாதியே வேறு வேறாய பொருள்கள். அவை பிரிவின்றி நிற்பினும் ஒன்றன் முகம் மற்றொன்று ஆகாது.

ஐந்தொழிலோ அத்தகையதன்று. அவை சத்தியின் தொழில். சத்தி சிவத்தின் வேறன்று. ஞாயிறும் அதன் கதிரும்போலத் தாதான்மியமாய் நிற்பன சிவமும் சத்தியும். ஒரு கதிரே தாமரையை மலர்த்தி, ஆம்பலைக் குவித்து, பனியைப் போக்கும். தொழில் மூன்றாயினும் கதிரோன் ஒருவனே. அவன்பால் வேறுபாடு இல்லை. ஆகவே தொழில்பற்றி முகம் பலவாதல் பொருந்தும். பொருள்பற்றிப் பலவாதல் பொருந்தாது. இதுவே மும்முக வடிவங்களை ஆராய்வார் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் என்பது யாம் துணிந்தது.

இவ்வளவுகோலால் முற்கூறியவற்றையும் நோக்குக. திரிசிரனது மூன்று வாயும் மூன்று அவாவைப் பற்றியன. அவன் பாசத்தாற் பிளவுண்ட உயிர். சிவபெருமானது முகங்கள் பலவாயினும் இச்சை ஒன்று; அஃது உயிர்களை உய்விக்கும் இச்சை. திரிகிலாவின் கண்கள் குற்றத்தைக் காணாதவாறு மூடப்பட்டன. காராபுரி நடுமுகத்தின் கண்களும் தாழ்ந்துள்ளன. ஆயினும் அது காணாமையால் அன்று. முற்றறிவுடைய முதல்வன் உயிரின் குற்றத்தை முழுதுங் கண்டே, அஃது அதன் இயல்பன்று, மலத்தின் செயல் என்றறிந்து அருளுகின்றான். குற்றத்தைக் காணாது பொறுத்தல் எளிது. கண்டும் வெறாது மருந்தூட்டல் பதிக்கே உரிய பெருங்குணம்.

7. பயன்

இவ்வாராய்ச்சியால் வரும் பயன் இரண்டு. ஒன்று, கோயில்களிலும் காட்சிச்சாலைகளிலும் பலமுக வடிவங்களை மாணாக்கர்க்குக் காட்டுவோர், எண்ணைக்கொண்டு பெயரிடாது, குறிகளையும் மரபையும் கொண்டு பொருள் கூறல் வேண்டும் என்பது. பிழைபட்ட ஒரு பெயர் நூல்களிற் பரவிவிட்டால் அதனைப் பின்னர் அகற்றுதல் அரிது. காராபுரி வடிவம் பற்றிய உண்மை விளக்கம் வெளிவந்து நூறாண்டு கடந்தும், திரிமூர்த்தி என்னும் வழக்கு முற்றும் ஒழியாமையே இதற்குச் சான்று. நம் மடங்களைச் சார்ந்த கல்விநிலையங்கள் இத்துறையில் கருத்துச் செலுத்துதல் நலம்.

மற்றொன்று, சிவபூசை செய்வார்க்கு உரியது. ஈசானம் முதலாக ஐந்து மந்திரங்களையும் நியசித்துச் சதாசிவ மூர்த்தியைத் தியானிப்போர், அம்மந்திரங்களே இறைவனுக்குத் திருமேனி என்பதையும், அது மாயையின் உடம்பன்று, சத்தியின் உடம்பே என்பதையும் மறவாது சிந்தித்தல் வேண்டும். ஐந்து முகத்தையும் மந்திரத்தால் நினைப்பவர், வாழ்வின்கண் எதிர்ப்படுவன மூன்றே என்பதையும் ஓர்தல் தகும். நலம் வந்துழி வாமதேவத்தையும், கேடு வந்துழி அகோரத்தையும் காண்பார், இரண்டும் புலப்படாது இருள் சூழ்ந்துழி நடுமுகத்தைக் காண்பாராக. காரணம் அறியவொண்ணாத துன்பம் வந்தபோது, இறைவன் நம்மைக் கைவிட்டான் என உள்ளம் தளர்தல் இயல்பு. அப்போது நம்முன் நிற்பது அவனது இன்மையன்று, அவனது மறைப்பு. மறைப்பிற்கு உரிய முகம் சினந்த முகமன்று என்பதை அக்கற்றிருமேனி பதினான்கு நூற்றாண்டாகக் காட்டிக்கொண்டிருக்கின்றது. ஈசானமோ அம்முகத்தின்மேல், நாம் நிமிர்ந்து நோக்கினும் கல்லிற் காணாததாய், அருளாற் காணத்தக்கதாய் நிற்கின்றது. காணும் மூன்றினைக் கொண்டு காணாத அதனைத் துணிந்து, அதன் வரவு நோக்கி நிற்பதே அடியார்க்கு உரிய நெறியாம்.

திருச்சிற்றம்பலம்